வலது பக்கத்து வயர்

"கம்பி எதையும் குடுக்காது, எடுத்துக்கத்தான் செய்யும்" என்று என் பெரியப்பா சொல்வார். அதற்குப் பிறகு இன்னொரு வாக்கியமும் உண்டு. எவ்வளவு எடுக்கும், எப்போது எடுக்கும் என்று ஏதோ சொல்வார். அந்தப் பாதி எனக்கு மறந்துபோய்விட்டது. மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணப் பந்தலிலிருந்து ஊர் எல்லை வரைக்கும் வயர் இழுத்துக் குழாய் ஸ்பீக்கர் கட்டிய மனிதர். காரணம் இல்லாமல் சொல்லியிருக்க மாட்டார்.

சார், நீங்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உட்காருங்களேன். அந்தப் பக்கம் ஏ.சி. இரைச்சல். என்னது, ஏ.சி. ஓடவில்லையா? சரி, ஏதோ ஒன்று இரைகிறது. இந்தப் பக்கம் வாருங்கள். ம், இப்போது சௌகரியம்.

அம்மாவுக்குப் பார்க்க வந்தீர்களா? உள்ளே டெஸ்ட் நடக்கிறதா? நேரமாகும். நான் என் மனைவியின் திருப்திக்காக வந்திருக்கிறேன். வளர்மதி என்று பெயர். கீழே மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள், அங்கே எப்போதும் கூட்டம். எனக்கு என்ன என்று கேட்டீர்களே, டாக்டரம்மா காது என்கிறார். நான் வயர் என்கிறேன். அவ்வளவுதான் வழக்கு.

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, தவமணியும் இப்படித்தான் சிரித்தான். அவனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் என் வீட்டு ஹாலிலேயே எனக்குச் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்களே சொல்வீர்கள்.

நான் இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆக்லாந்தில் இருந்தேன். அங்கே வீடெல்லாம் மரம். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நாம் எழுந்து கைக்குட்டை கொடுக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் பாட்டை எங்கே போட்டுக் கேட்பது? ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓர் அறையின் மூலையில் உட்கார்ந்திருப்பேன். ஊருக்குத் திரும்பினால் ஒரு ஹால், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரண்டு நல்ல ஸ்பீக்கர், நடுவில் ஒரு நாற்காலி. திரும்பி வந்ததற்கு எல்லாரிடமும் வேறு வேறு காரணம் சொன்னேன், பெற்றவர்கள், மண் என்றெல்லாம். உண்மையில் அந்த நாற்காலிக்காகத்தான் வந்தேன். வளர்மதிக்கு அது தெரியும். ஐயர் பங்களாப் பக்கம் வீடு கட்டும்போது பால்கனி கேட்டாள். பால்கனிக்கு இடம் விட்டால் ஹாலின் நீளம் குறையும். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

இரண்டு ஸ்பீக்கரில் கேட்பதன் விசேஷம் என்ன தெரியுமா சார்? ஒற்றைக் குழல் வாசிக்கிறார்கள் என்று வையுங்கள். குழல் இடது ஸ்பீக்கரிலும் இருக்காது, வலது ஸ்பீக்கரிலும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில், வெறும் காற்றில், ஆள் உட்கார்ந்து வாசிக்கிற உயரத்தில் நிற்கும். அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது. கை நீட்டினால் சுவர்தான். ஆனால் அங்கேதான் இருக்கிறார். கடவுள் விஷயத்தில் என் நம்பிக்கை அவ்வளவு தூரம் போகவில்லை. இதில் போயிற்று.

ஒரு வருஷம் அப்படிக் கேட்டேன். குறை சொல்ல மாட்டேன், ஒரு வருஷம் கிடைத்தது.

தை மாதம் ஒரு காலை, எழுந்திருக்கும்போது தலை லேசாகச் சுற்றியது. விமானம் இறங்கும்போது அடைக்குமே, அந்த மாதிரி வலது பக்கம் ஓர் அடைப்பு. பனிக்காலம், எல்லாருக்கும் அடைக்கும். சாயங்காலம் வழக்கம்போல உட்கார்ந்தேன். அந்த ரெக்கார்டில் வயலின் இடது பக்கம், மிருதங்கம் வலது பக்கம். மிருதங்கத்தின் மேல் யாரோ ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு மூடிவிட்டதுபோல இருந்தது. விரல் படுகிற சத்தமே இல்லை. கூடவே வலது பக்கத்திலிருந்து ஓர் இரைச்சல். ஆம்ப்ளிஃபயரை அணைத்துப் பார்த்தேன். அணைத்த பிறகும் அந்த இரைச்சல் போகவில்லை. அவ்வளவு மோசம் சார் நம் ஊர் கரண்ட் லைன்.

நான் அனுமானத்தில் போகிற ஆள் இல்லை. முறையாகப் பார்த்தேன். இடது வயரைக் கழற்றி வலதில் மாட்டினேன், வலதை இடதில். அப்போதும் வலது பக்கம்தான் மங்கல். ஸ்பீக்கரை இடம் மாற்றினேன். வளர்மதிதான் ஒரு பக்கம் பிடித்தாள், நல்ல கனம். அப்போதும் வலது பக்கம்தான்.

"வயரும் மாத்தியாச்சு, பெட்டியும் மாத்தியாச்சு. மாத்தாதது நீங்க மட்டுந்தான்" என்றாள்.

"ரூம்ல அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கு. திரைச்சீலை சத்தத்தைக் குடிக்குது."

"அந்தத் திரை ஒரு வருசமா அங்கதான தொங்குது?"

"இத்தனை நாள் வயர் நல்லா இருந்துச்சு. இப்ப ரெண்டும் சேர்ந்துபோச்சு."

"ஏங்க, ஒரு நடை காதைக் காட்டிட்டு வந்துருவோமே."

பாருங்கள், அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சளி. சளிக்குக் காது டாக்டரா?

வயர் விஷயம் உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ, எனக்குத் தெரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த வயருக்கும் ஒரு தடை உண்டு. ரெசிஸ்டன்ஸ். மெல்லிசாக, நீளமாக இருந்தால் அதிகம். அது மட்டும் என்றால் தடிமனான செம்பு வயர் போட்டு முடித்துவிடலாம். ஆனால் வயருக்குள்ளேயே கொஞ்சம் காந்தக் குணமும் இருக்கிறது, இரண்டு கம்பிக்கு நடுவில் கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற குணமும் இருக்கிறது. காந்தக் குணம் அதிகமானால் உச்சஸ்தாயி மங்கும். இது நான் சொல்வதில்லை, பாடப்புத்தகம் சொல்வது. எவ்வளவு மங்கும் என்பதில்தான் சண்டை. ஒரு கட்சி, காதுக்கே எட்டாது என்கிறது. இன்னொரு கட்சி, எட்டும் என்கிறது. நான் இரண்டாவது.

தவமணி முதல் கட்சி. பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன், இப்போது மின்வாரியத்தில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வருவான். வளர்மதி போடுகிற காப்பிக்காகத்தான் வருகிறேன், உன் பாட்டுக்கு இல்லை என்பான். ஆனால் மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

"மாப்ள, எங்க சப்-ஸ்டேஷன்லேர்ந்து உன் வீட்டு மீட்டர் வரைக்கும் வர்றது அலுமினியக் கம்பி. காக்கா உக்காந்து எச்சம் போட்ட கம்பி. அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது, உன் ஹாலுக்குள்ள பத்தடி வயர்தான் மிருதங்கத்தத் திருடுதாக்கும்?"

"அது வேறடா. அது கரண்ட். இது சங்கீதம்."

"கம்பிக்கு அது தெரியுமா?"

ஒரு தடவை மீட்டர் கொண்டுவந்து என் வயரின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தான். "மீட்டரோட சொந்த வயருக்கே இத விடத் தடை ஜாஸ்தியா இருக்குடா" என்று வளர்மதியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். நான் விட்டுவிட்டேன். அளக்க முடியாத எதுவும் உலகத்தில் கிடையாது என்று நினைக்கிற ஆட்களிடம் என்ன பேசுவது?

இங்கிலாந்திலிருந்து ஒரு வயருக்குச் சொன்னேன். விலை கேட்காதீர்கள், வளர்மதியும் கேட்கவில்லை. அது வந்து சென்னைக் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. ஸ்பீக்கர் வயரா, சரி, எதற்கு இவ்வளவு தடிமன், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சந்தேகம். ஃபோன் மேல் ஃபோன். நான் ஃபோனை இடது கையில் வைத்துப் பேசுகிறேன் என்று அதையும் ஒரு குற்றமாக வளர்மதி கண்டுபிடித்தாள். "நீங்க எப்பவும் வலது காதுலதான வச்சுப் பேசுவீங்க?" வலது கையில் பேனா இருந்தது சார். கஸ்டம்ஸ்காரன் நம்பர் நம்பராகச் சொல்கிறான், எழுத வேண்டாமா?

அந்த வாரங்களில் அவளிடம் ஒரு மாற்றம். பேச வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு வந்து எனக்கு இடது பக்கம் நிற்பாள். கட்டிலிலும் இடம் மாறிப் படுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து சுவர் ஓரம்தான் படுப்பாள். கேட்டால், "அங்க ஃபேன் காத்து வரல" என்றாள். சரி, கோபம்போல என்று விட்டுவிட்டேன். பால்கனிக் கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன்.

மாசியில் வயர் வந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. பாம்புத்தோல் மாதிரிப் பின்னல். மாட்டினேன். மாட்டிய உடனே வித்தியாசம் தெரிந்துவிட்டதா என்றால், இல்லை. தெரியாது. தெரியக் கூடாது. புது வயர் பழக வேண்டும் சார். புதுச் செருப்புப் போல. நாள் கணக்கில், வாரக்கணக்கில் அதற்குள் பாட்டு ஓட வேண்டும். ஓட ஓடத்தான் செம்பு இளகி வழிவிடும். தவமணி கட்சிக்காரர்கள் இதற்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த வழியில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான் இது. பாட்டைப் போட்டுவிட்டு நாம் வெளியே போய்விட வேண்டும். உட்கார்ந்து கேட்கக் கூடாது, கேட்டால் மனசு அவசரப்படும்.

அப்படியே செய்தேன். பகல் முழுக்க யாரும் இல்லாத ஹாலில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. வளர்மதி அந்த வழியாகப் போகும்போது காதைப் பொத்திக்கொண்டு போவாள். "ஊர்ல யார் வீட்லயாவது வயருக்குப் பாட்டுப் போடுவாங்களா?" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து இடது பக்கம் வந்து நின்று, "வயரு பழகுற வரைக்கும் சும்மாத்தான இருக்கீங்க, அந்த நேரத்துல டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்" என்பாள்.

"வயர் முதல்ல பழகட்டும். ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினா எதுனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?"

இது சரியான கேள்விதானே சார்? ஒரு சோதனை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

வாரம் போகப் போக எனக்கு வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. பொய் சொல்லவில்லை. மிருதங்கம் மெல்ல மெல்ல ஜமுக்காளத்துக்கு வெளியே வந்துகொண்டிருந்தது. முழுசாக இல்லை. ஒரு விரல், இரண்டு விரல். தவமணியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. வளர்மதியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். பிறகுதான் தெரிந்தது, அதற்கு முன்பே ரெண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

"சரி மாப்ள, ஒரு பந்தயம்" என்றான். "வர்ற ஞாயித்துக்கெழம. நீ கண்ண மூடிக்க. நான் உன் இங்கிலாந்து வயரையும் என் வீட்டு டேபிள் ஃபேன் வயரையும் மாத்தி மாத்தி மாட்டுறேன். எது எதுன்னு நீ சொல்லு. நீ சொல்லிட்டா இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன். சொல்லலைன்னா நாங்க கூப்புடுற எடத்துக்கு நீ வரணும்."

"எங்க?"

"வரணும். அவ்வளவுதான்."

வளர்மதியின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் முன்னால் குறுக்கே கட்டினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஒற்றைக் குழல், ஆலாபனை. நானே தேர்ந்தெடுத்த ரெக்கார்டு. முதல் தடவை போட்டான், ஃபேன் வயர் என்றேன். இரண்டாவது தடவை போட்டான், என் வயர் என்றேன். மூன்றாவது, நான்காவது. சரியா தப்பா என்று அவன் சொல்லவில்லை, கடைசியில் சொல்கிறேன் என்றான். சேலைக்குப் பின்னால் திருகைக் கழற்றுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். "மாப்ள, ஒனக்காக வயரோட குனிஞ்சு குனிஞ்சு இடுப்புப் போச்சுடா" என்றான். வளர்மதி சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ஹாலில் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

கடைசித் தடவை போட்டான். போட்ட உடனே தெரிந்துவிட்டது. அப்படி ஒரு தெளிவு. நான் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினேன்.

"இதுதாண்டா! இதுதான் என் வயர். பழகிருச்சு. பாரு, குழல் எங்க நிக்குது பாரு. இம்மி பிசகாம நடுவுல நிக்குது. ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்கு."

குழல் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. தோற்றுவிட்டான், பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தேன். தவமணி சேலைக்கு வெளியே வந்து நின்றான். அவன் கையில் ஒரு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. வளர்மதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, எது?"

"உன் வயர்தான் மாப்ள" என்றான். அவன் குரல் என்னமோபோல இருந்தது.

"சொன்னேன்ல!"

வளர்மதி எழுந்து சமையலறைக்குப் போனாள். காப்பி போடப் போகிறாள் என்று நினைத்தேன். காப்பி வரவில்லை. தவமணி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான், இடது பக்கமாக. என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். பந்தயத்தில் தோற்றவன் அவ்வளவு வருத்தப்படுவானா என்று எனக்கு ஆச்சரியம். ஆறுதல்கூடச் சொன்னேன் சார். "விடுடா, ஒனக்கு ஆர்வம் இல்ல, காது பழகல, அதான்" என்றேன்.

அந்தக் கடைசித் தடவை அவன் வலது ஸ்பீக்கருக்கு வயரே மாட்டவில்லை. மறுநாள் காலையில், ஒரு வேலை இருக்கிறது என்று என்னை ஏற்றிக்கொண்டு போன அவனுடைய காரில் வைத்து வளர்மதிதான் சொன்னாள். வலது ஸ்பீக்கர் செத்துக் கிடந்திருக்கிறது. இடது மட்டும் வாசித்திருக்கிறது. நடுவில் நிற்கிறது, சரிசமம் என்று நான் கையைத் தூக்கியிருக்கிறேன்.

இதை மோசடி என்று சொல்வீர்களா, மாட்டீர்களா? இரண்டு வயரை ஒப்பிடுவதுதான் பந்தயம். வயரே இல்லாமல் வைப்பது பந்தயத்தில் கிடையாது. என் ஹாலில், என் மனைவிக்கு முன்னால், என் மனைவிக்கும் தெரிந்தே. ஒரு மனிதனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுச் செய்கிற காரியமா இது? அன்றிலிருந்து அவனிடம் நான் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசல் வரைக்கும் வருவான், வளர்மதியிடம் விசாரித்துவிட்டுப் போய்விடுவான்.

அந்தக் கார் இங்கேதான் வந்து நின்றது. டெஸ்ட் எடுத்தார்கள். உங்கள் அம்மாவை வைத்திருக்கிறார்களே, சத்தம் புகாத அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான். ஹெட்போனை மாட்டினார்கள். அந்த ஹெட்போனின் வயரைப் பார்த்தீர்களா சார் நீங்கள்? தையல் நூல் மாதிரி. வலது பக்கத்தில் ஒரு முடிச்சு, அதன் மேல் ஒட்டிய டேப். டெஸ்ட் எடுக்கிற பெண்ணிடம் கேட்டேன், "இந்த வயர் எத்தனை வருசமா ஓடுதும்மா?" என்று.

"சார், சத்தம் கேட்டா பட்டன அமுத்துங்க."

"சத்தம் வரலையேம்மா."

"வருது சார்."

"வலது பக்கம் வரல. வயரப் பாரு."

அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். திரும்ப என் தலையில் மாட்டினாள். மாட்டும்போது ரொம்ப மெதுவாக மாட்டினாள். "வருது சார்" என்றாள் மறுபடியும்.

டாக்டரம்மா நல்ல மாதிரிதான். சின்னப் பெண். என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். வயர் கஸ்டம்ஸில் மாட்டுவதற்கு முன்னால் என்றேன். புரியாமல் வளர்மதியைப் பார்த்தார். அவள் தேதி சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"முதல் வாரத்துலயே வந்திருந்தா மாத்திரையிலேயே ஓரளவு திரும்பியிருக்கும் சார். நரம்புக்கு ரத்தம் போகலையோ, கிருமியோ, காரணம் சொல்ல முடியாது. ஆனா நேரம் முக்கியம். இத்தனை நாள் என்ன செஞ்சீங்க?"

பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் என்று வளர்மதி சொல்லவில்லை. வேலை இருந்தது டாக்டர் என்றாள். அதற்காக அவளிடம் எனக்கு நன்றி உண்டு.

மாத்திரை சாப்பிட்டேன். முகம் ஊதியது, தூக்கம் போனது, வேறொன்றும் ஆகவில்லை. இன்றைக்கு மறுபடியும் அந்தப் பெட்டி, அதே டேப் ஒட்டிய வயர், ரிப்போர்ட்டில் கீழே சரிந்த அதே கோடு. இனி ஒன்றுதான் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. காதுச் சவ்வு வழியாக உள்ளே ஊசி. வாரத்துக்கு ஒன்றாகக் கொஞ்ச வாரம். உறுதி சொல்ல மாட்டேன், சிலருக்குக் கொஞ்சம் வரும், பலருக்கு வராது என்றார். இன்றைக்கு ஆரம்பித்தால் உண்டு, இதற்கு மேல் தள்ளினால் போடுவதில் அர்த்தம் இல்லை என்றார். வளர்மதி மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். என்னிடம் கேட்கக்கூட இல்லை.

வெளியே வந்து இதோ இந்த பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். நான் சொன்னேன், "அந்த டெஸ்டையே நான் நம்பல வளர். அந்த வயரோட லட்சணத்தப் பாத்தியா? என் ஹெட்போனக் கொண்டாந்து எடுக்கச் சொல்லலாம். இல்ல, வீட்ல வலது பக்கத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தடியா ஒரு வயர்..."

அவள் என் இடது காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள். கத்தவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"வயர்னா மாத்திக்கிறலாம். அதுக்குத்தான நீங்க வயரு வயருன்னு சொல்றீங்க?"

சொல்லிவிட்டு எழுந்து போனாள், ஊசி மருந்து வாங்க.

அதைத்தான் சார் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை. வயரில் இருக்கிற நல்ல குணமே அதுதான். இது சரியில்லையா, இன்னொன்று. அதுவும் இல்லையா, அதற்கு மேல் ஒன்று. எங்கேயோ ஒருவன் இன்னும் நல்லதாக ஒன்றைப் பின்னிக்கொண்டுதான் இருப்பான். முடிந்துபோயிற்று என்று யாரும் வந்து சொல்ல முடியாது. ஊசி அப்படி இல்லை. ஊசியைப் போட்டுப் பார்த்து, அதிலும் வரவில்லை என்றால், அப்புறம் அந்த ஹாலில் நான் எதை மாற்றிப் பார்ப்பேன்? அந்த நாற்காலியில் போய் எதற்கு உட்காருவேன்?

என்ன சார்? உங்கள் அம்மாவைக் கூப்பிட்டார்களா? எனக்குக் கேட்கவில்லை, நீங்கள் போங்கள்.

இல்லை, என்னை இனிமேல் கூப்பிட மாட்டார்கள். வளர்மதி கீழே போனதும் நான் உள்ளே போய், ஊசி வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.